டர்பனில் எங்கள் வீட்டில் புதிதாக நட்ட ஜப்பானிய மேப்பிள் மரத்தின் இலைகள் பழுப்பாகின்றன. உரம் போடலாமா?

உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள். டர்பன் என்கிறீர்கள், நட்டு ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும், அதற்குள் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து வரும் வறண்ட சூடான பெர்க் காற்றும் அடித்திருக்கும் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். இலை ஓரத்தில் காயத் தொடங்கி நரம்பு பச்சையாகவே இருந்தால் அது தாகம்.

டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் அக்கா வீட்டு வாசலில் இதே மரத்துக்கு இதே கதை. மரம் விற்றவர் வந்து பார்க்காமலேயே, “சத்துக் குறைவு, உரம் போடுங்க” என்று போனில் சொல்லிவிட்டார். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், தாகம் எப்படி வரும் என்று அக்கா என்னிடம் சண்டைக்கே வந்தாள். தண்டை ஒட்டி விரலால் தோண்டினேன். சுற்றிலும் ஈரம், தொட்டியிலிருந்து வந்த வேர்க்கட்டி மட்டும் உள்ளே பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. மரப்பட்டைத் தூள் கலந்த தொட்டி மண் ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீர் குடிக்காது. ஊற்றுவதெல்லாம் பக்கவாட்டில் வழிந்து நம் ஊர்ச் சிவப்பு மணலுக்குள் இறங்கிவிடும். ஹோஸ் பைப்பைத் தண்டருகே வைத்து, சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் விட்டோம். மேற்கு வெயிலுக்கு நிழல்வலை கட்டி, தண்டைத் தொடாமல் சருகு மூடாக்குப் போட்டோம். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. புதுத் தளிர் வந்தது.

தண்ணீர் அதிகமானாலும் இலை கருகுமே என்று யாராவது வருவீர்கள். தெரியும். அப்போது பெரும்பாலும் முதலில் மஞ்சளாகித் தொங்கும், வேரில் அழுகல் வாடை வரும். அதனால்தான் தோண்டச் சொல்கிறேன்.

அக்கா வாசல் முழுக்க பேவிங், அதாவது தளக்கல். அந்தச் சூடும் இலையில்தான் அடிக்கிறது. 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புக்காட்டுக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்களின் வாரிசுகள் நாம். இன்று எங்கள் தெருவில் கறிவேப்பிலைக்குக்கூட ஓரடி மண் விடாமல் முற்றத்தை மூடிவிட்டார்கள். கேட்டால் “குப்பை விழாது” என்று பதில். எனக்கு மனசே ஆறவில்லை.

வேர்க்கட்டி ஈரமாக, வேரும் நன்றாக இருந்தால் தண்டைப் பாருங்கள். 2017-ல் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் கண்டுபிடித்த துளைவண்டுக்கு மேப்பிள் பிடித்த மரம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டைகள் இருக்கும், கிளை கிளையாக வாடும். அப்படி இருந்தால், வெட்டிய கிளையை விறகுக்கென்று பேக்கியில் (சின்ன லோடு வண்டியில்) ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.