நுனி வரை ஒளிரும் வாளுக்கு எந்த எல்இடி?

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு ஒளிரும் வாள் இரண்டு செய்துதரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. 80 செ.மீ. குழாயின் அடியில் 5 மி.மீ. எல்இடி ஆறு வைத்து எரியவிட்டேன். ஒரு சாணுக்கு மேல் வெளிச்சம் ஏறவில்லை. கடையில் 10 வாட் சிப்பைக் காட்டி, "வெள்ளையா வாங்கி மேல கலர் பேப்பர் ஒட்டிக்குங்க" என்கிறார்கள். வாங்கலாமா? – மதுரை வாசகி

பதில்: வேண்டாம். அந்த 10 வாட் சிப் என்பது ஒன்பது குட்டிச் சிப்புகளைச் சதுரமாகப் பரப்பிவைத்தது. எரிய 9 வோல்ட்டுக்கு மேல் கேட்கும், கைப்பிடிக்குள் அது கக்கும் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் விழிப்பீர்கள். அதைவிட முக்கியம், ஒளி அவ்வளவு அகலமான பரப்பிலிருந்து கிளம்பினால் ஒரு அங்குலக் குழாய்க்குள் அடங்கும் லென்ஸால் அதைக் குவிக்கவே முடியாது. ஃப்ளட் லைட்டுக்கு நல்ல சரக்கு, வாளுக்கு அல்ல.

உங்கள் ஆறு எல்இடியும் சேர்ந்து அரை வாட் கூட இல்லை. அதனால் கொஞ்சம் பலம் கூட்டத்தான் வேண்டும். அதற்கு ஒற்றைச் சிப் 3 வாட் எல்இடி போதும். 20 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் தட்டில் ஒட்டியே வரும். 'ஸ்டார் போர்டு' என்று கேளுங்கள். சென்னை ரிட்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருக்களிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் க்ரீ எக்ஸ்பி-இ2, லக்ஸியான் ரெபெல் போன்றவை. வாள் செய்கிறவர்கள் பல வருடமாக நம்பிப் போடுவது இவற்றைத்தான்.

கூடவே லென்ஸ். அது இல்லாவிட்டால் எந்த எல்இடி போட்டாலும் உங்கள் ஒரு சாண் இரண்டு சாணாகும், அவ்வளவுதான். வெறும் எல்இடி சுமார் 120 டிகிரிக்கு ஒளியை விசிறும். அதில் பெரும்பகுதி குழாயின் அடிச்சுவரில் மோதி அங்கேயே வெளியேறிவிடும். 10 டிகிரி லென்ஸ் போட்டால் அது தூணாக எழுந்து நுனி வரை போகும். 60 டிகிரி லென்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம். இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள். வட்டம் பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தால் சரி.

வெள்ளையின் மேல் கலர் பேப்பர் ஒட்டும் யோசனை சிவப்புக்குச் சுத்தமாக உதவாது. வெள்ளை எல்இடி என்பது நீலச் சிப்பின் மேல், மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் என்ற பூச்சைப் பூசியதுதான். அதில் சிவப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும், சிவப்புத் தாள் மற்றதையெல்லாம் தடுத்துவிட்டு அந்தக் கொஞ்சத்தை மட்டும் வெளியே விடும். சிவப்பு வாளுக்குச் சிவப்பு எல்இடி, நீல வாளுக்கு நீல எல்இடி.

நீலத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. கடையில் 'ராயல் ப்ளூ', 'ப்ளூ' என்று இரண்டு இருக்கும். முன்னதன் ஒளி அலைநீளம் 450 நானோமீட்டர், பின்னதற்கு 470. நம் கண்ணுக்குப் பச்சை, 555 நானோமீட்டர்தான் பளிச்சென்று தெரியும். 470-இல் அந்தக் கூர்மை பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, 450-இல் அதிலும் பாதிக்குக் கீழே. எனவே 470 கேட்டு வாங்குங்கள். அப்படியும் பகலில் வீட்டில் பார்த்தால் சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் சோகையாகத் தெரியலாம், பதறாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் நீலப் பக்கம் சாயும். மேடை விளக்கை அணைத்ததும் அதே வாள் எழுந்து நிற்கும்.

அடுத்தது சூடு. நான் முதன்முதலில் செய்த சிவப்பு வாளுக்குப் பிவிசி பைப்தான் கைப்பிடி. மேசையில் வைத்து ஸ்விட்ச் போட்டதும் அமர்க்களமாக எரிந்தது. நாலு நிமிடத்தில் மங்கல். பேட்டரி போய்விட்டது என்று புது செல் போட்டேன், அதே மங்கல். கழற்றி எல்இடியின் பின்புறத்தில் கைவைத்தேன், விரல் நுனி கொப்புளித்துவிட்டது. உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது, பிவிசி அதைக் கடத்தாது. சூடு ஏறினால் எல்லா எல்இடியும் மங்கும் என்றாலும் சிவப்பு ரொம்பவே மங்கும். லேத் பட்டறையில் 20 மி.மீ. அலுமினியக் கம்பியில் இரண்டு அங்குலம் வெட்டி, ஒரு முகத்தைத் தட்டையாகக் கடைந்து, வயர் போக ஓரத்தில் பள்ளம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த முகத்தில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மெலிதாகத் தடவி ஸ்டார் போர்டைத் திருகிவிடுங்கள். கைப்பிடியும் அலுமினியக் குழாயாக இருந்தால் இன்னும் நிம்மதி.

பேட்டரிக்குப் பலரும் 18650 லித்தியம் செல்லைச் சொல்வார்கள். வாளை மோதிக் கீழே போடப்போகும் ஏழாம் வகுப்புப் பையன் கையில் நான் அதைக் கொடுக்க மாட்டேன். ரீசார்ஜ் செய்யும் ஏஏ நிக்கல் செல் மூன்றைத் தொடராகப் போடுங்கள், சுமார் 3.7 வோல்ட் வரும். சிவப்பு எல்இடி 2.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1.4 வோல்ட்டை, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 2.7 ஓம் போட்டால் அரை ஆம்பியர் ஓடும். எல்இடியின் உச்ச வரம்பு 700 மில்லிஆம்பியர் என்றாலும் அரை ஆம்பியரில் வெளிச்சம் தாராளம், சூடும் குறைவு. நீலம் 3.1 வோல்ட்டுக்கு மேல் கேட்பதால் அதற்கு 1.2 ஓம். இரண்டுக்கும் 2 வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள். வழக்கமான கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். எல்இடிக்கு எல்இடி வோல்ட் கொஞ்சம் மாறும், எனவே மல்டிமீட்டரை ரெசிஸ்டரின் இரு முனையில் வைத்து, காட்டும் வோல்ட்டை ஓம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். அதுதான் ஓடும் ஆம்பியர். செல் இறங்கும்போது முதலில் வாடுவது நீல வாள்தான், விழாவன்று காலை அதன் செல்லை மறக்காமல் சார்ஜில் போடுங்கள்.

குழாய் அக்ரிலிக் என்றால் இரண்டு மோதலில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பாலிகார்பனேட் வாங்குங்கள். உள்ளே பரிசுப் பொட்டலம் சுற்றும் நிறமில்லாத செலோஃபேனைக் கசக்கிப் பிரித்துத் தளர்வாகச் சுருட்டி நுழைத்தால் ஒளி வழியெல்லாம் சிதறும். டிரேசிங் பேப்பர் அடிப்பாதியிலேயே ஒளியைத் தின்றுவிடும். நுனி மூடியின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டுங்கள். மேலே வந்த ஒளி திரும்பி இறங்கி நுனிப் பகுதியை இன்னொரு முறை நிரப்பும்.

முடித்ததும் பத்து நிமிடம் தொடர்ந்து எரியவிட்டுக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் ரெசிஸ்டரின் ஓமைக் கூட்டுங்கள். குழாயைக் கைப்பிடியோடு திருகாணி போட்டே இறுக்குங்கள். சும்மா செருகிவைத்தால் ஒத்திகை இடைவேளையில் யாராவது ஒருவன் அதை உருவிவிட்டுப் பக்கத்துப் பையன் கண்ணில் லென்ஸை நேராக அடித்துப் பார்ப்பான். அந்த நீல ஒளி கண்ணுக்கு ஆகாது.