இத்தாலிய நகரக் குடியரசுகளின் இடைக்கால வெள்ளி நாணயங்களைச் சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

வெனிஸின் கிரோசோ என்ற வெள்ளிக்காசில் தொடங்குங்கள். ஊருக்கு ஒரு காசு வாங்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே காசை, டோஜ் எனப்படும் ஆட்சித்தலைவர்கள் வரிசையில் சேர்த்துவந்தால்தான் கண் பழகும்.

12ஆம் நூற்றாண்டில் அங்கே புழங்கியது தெனாரோ என்ற, செம்பு கலந்த சன்னமான சிறுகாசு. பெரிய வியாபாரத்துக்கு அது போதவில்லை. என்ரிக்கோ தாந்தோலோ டோஜாக இருந்தபோது (1192–1205) வந்த கிரோசோ சுமார் 2.2 கிராம், ஏறக்குறைய சுத்த வெள்ளி. நான்காம் சிலுவைப் போர் வீரர்களை ஏற்றிச் செல்ல 1201இல் வெனிஸ் 85,000 மார்க் (அக்கால எடை அளவு) வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டது. கப்பல் கட்டியவர்களுக்குக் கூலி கொடுக்கவே இந்தக் காசு அடிக்கப்பட்டது என்று அதே நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் மார்த்தினோ ட கனால் எழுதியிருக்கிறார்.

முன்பக்கத்தில் இடப்புறம் டோஜ், வலப்புறம் புனித மாற்கு. இருவரும் ஒரே கொடிக்கம்பைப் பிடித்திருப்பார்கள். கம்பை ஒட்டி மேலிருந்து கீழாக 'டுக்ஸ்' (DVX, அதாவது டோஜ்) என மூன்று லத்தீன் எழுத்துகள். இடது ஓரத்தில் இருப்பதுதான் டோஜின் பெயர், முதலில் அதைப் படியுங்கள். பின்பக்கம் அரியணையில் இயேசு. அவர் காலடிப் பக்கம் ஒரு புள்ளியோ சிறு குறியோ இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நாணயச்சாலை அதிகாரியின் அடையாளம் அது. ஒரே டோஜின் காசுகளை மேலும் பிரித்து அடுக்க உதவும். எனக்கு இதிலேயே பொழுது போய்விடும்!

ரனியேரி ஸேனோ, லொரென்சோ தியேபொலோ, பியேத்ரோ கிராதெனிகோ பெயரிலுள்ளவை எளிதாகக் கிடைக்கும். தாந்தோலோ காசுக்கு விலை அதிகம், அவசரம் வேண்டாம்.

வாங்கும் முன் எடை பாருங்கள். 2 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தால் ஓரத்தை நறுக்கியிருப்பார்கள். ஓரத்தில் இணைப்புக்கோடோ, பரப்பில் குமிழ்க்குழியோ தெரிந்தால் அது அச்சில் வார்த்த போலி. ஆனால் சேர்பிய மன்னர்கள் அடித்த நகல்களை ஒதுக்கிவிடாதீர்கள். 1282இல் வெனிஸ் அவற்றுக்குத் தடை போட்டது. கவிஞர் தாந்தேகூட வெனிஸ் காசைப் பார்த்துக் கள்ளக்காசு அடித்த ராஷ்யா (அன்றைய சேர்பியா) மன்னனைச் சாடியிருக்கிறார். அப்படி ஒன்று கையில் இருப்பது பெருமைதான்.

அப்புறம் ஜெனோவாவுக்குப் போகலாம். 1138இல் நாணய உரிமை தந்த ஜெர்மானிய மன்னர் கொன்ராட் 1152இல் இறந்துவிட்டார். அவர் பெயரை ஜெனோவா தன் காசுகளில் பல நூற்றாண்டுகள் விடவேயில்லை.

இத்தாலியிலிருந்து நேரடியாக வாங்கினால் ஏற்றுமதி அனுமதிச் சீட்டை விற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.