கணினிக் கேள்வி பதில்: பழைய மென்பொருளும் புதிய கணினியும்

கேள்வி: எங்கள் அரிசி ஆலையின் கொள்முதல், விற்பனைக் கணக்கு முழுவதும் 1996 முதல், ஃபாக்ஸ்புரோ 2.6 என்னும் தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்ட ஒரு டாஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) புரோகிராமில்தான் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டார். பழைய கணினி பழுதானதால் விண்டோஸ் 11 உள்ள கணினியை வாங்கினோம். அதில் புரோகிராமைத் திறந்தால், இதை உங்கள் கணினியில் இயக்க முடியாது என்ற அறிவிப்பு மட்டுமே வருகிறது. பழைய விண்டோஸ் போல இயக்கும் அமைப்பில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். இத்தனை ஆண்டுக் கணக்கும் போய்விட்டதா?
(வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: கணக்கு எங்கும் போகவில்லை. பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் உங்களிடம் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கணினி பழுது என்றால் பெரும்பாலும் மதர்போர்டோ மின்வழங்கியோதான் பழுதாகியிருக்கும். டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும். அதைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாகப் புதிய கணினியில் பொருத்தி, புரோகிராம் இருந்த கோப்புறையை ஒரு கோப்புகூட விடாமல் நகல் எடுங்கள். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள்தாம் கணக்கு என்று எண்ணி அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவற்றோடு அதே பெயரில் எஃப்பிடி என்று முடியும் கோப்பு இருந்தால், நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் ஃபாக்ஸ்புரோ அந்த அட்டவணையைத் திறக்கவே மறுக்கும். எடுத்த நகலை இரண்டாக்கி, ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டு மற்றொன்றில் வேலை செய்யுங்கள்.

எந்த அமைப்பை மாற்றியும் பயன் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. உங்கள் புரோகிராம் 16 பிட் காலத்தைச் சேர்ந்தது, அதாவது பிராசசர் ஒரே மூச்சில் 16 பிட் அளவுத் தரவைக் கையாண்ட காலம். 1985-இல் வந்த இன்டெல் 80386 பிராசசரில், அதற்கு முந்திய 8086-ஐப் போலவே நடந்துகொள்ளும் ஒரு தனி நிலை இருந்தது. 32 பிட் விண்டோஸ்கள் அந்த நிலையைக் கொண்டுதான் டாஸ் புரோகிராம்களை இயக்கிவந்தன. 2003-இல் ஏஎம்டி நிறுவனம் கொண்டுவந்து, பிறகு இன்டெலும் ஏற்றுக்கொண்ட 64 பிட் அமைப்பில், பிராசசர் முழு 64 பிட் நிலையில் இயங்கும்போது அந்தப் பழைய நிலைக்குள் போக வழியில்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் கிடைத்ததால் பலருக்கு இந்தச் சிக்கல் தெரியாமலே இருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வெளியிடப்பட்டது. நீங்கள் மாற்றிப் பார்த்த அமைப்பு, பழைய விண்டோஸ் புரோகிராம்களிடம் இது பழைய விண்டோஸ்தான் என்று காட்டி அவற்றை ஓடச் செய்வதற்கானது. டாஸ் புரோகிராம் அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை.

ஆகவே, பழைய கணினி ஒன்றையே மென்பொருளால் உருவாக்கிக் கொடுக்க வேண்டும். 2002 முதல் கிடைத்துவரும் டாஸ்பாக்ஸ் இதைத்தான் செய்கிறது. ஆனால் அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, அச்சிடும் வசதி அதில் இல்லை. கணக்கு வேலைக்கு அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அல்லது வி-டாஸ் என்பதைப் பரிந்துரைக்கிறேன். இரண்டும் இலவசம். உங்கள் புரோகிராம் எல்பிடி1 என்னும் பழைய அச்சு வாயிலுக்கு அனுப்புவதை இவை பிடித்து, விண்டோஸில் உள்ள பிரிண்டருக்குத் தள்ளிவிடும். வரிக்கு 80 எழுத்து, 132 எழுத்து என்று அளந்து எழுதிய பில் வடிவம் லேசர் பிரிண்டரில் சற்று நகர்ந்து விழலாம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருந்தால் அதையே தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. கோப்புறையின் பெயரை எட்டு எழுத்துக்குள், இடைவெளி விடாமல் வையுங்கள். இரண்டு கணினிகளிலிருந்து ஒரே கணக்கைத் திறக்கும் வழக்கம் இருந்தால், இந்த ஏற்பாட்டில் அதை உடனே தொடங்க வேண்டாம். ஒருவர் எழுதும் பதிவை மற்றவர் மாற்றாதபடி பூட்டும் வேலை சரியாக நடக்கிறதா என்று நகலில் பல முறை சோதித்த பிறகே அதற்கு இறங்க வேண்டும்.

இது ஓடத் தொடங்கியதும் நிம்மதியடைந்து அப்படியே விட்டுவிடாதீர்கள் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். எழுதியவர் இல்லாத புரோகிராமில் ஒரு குறை வந்தால் திருத்த ஆளில்லை. எனவே தரவை வெளியே கொண்டுவரும் வேலையையும் இப்போதே தொடங்குங்கள். டிபிஎஃப் மிக எளிய அமைப்பு. தலைப்பகுதியில் ஒவ்வொரு புலத்தின் பெயரும் அகலமும் 32 பைட் துண்டுகளாக எழுதப்பட்டிருக்கும், அதன் பின் எல்லாப் பதிவுகளும் ஒரே நீளத்தில் வரிசையாக நிற்கும். லிப்ரே ஆபிஸ் கால்க் இதை நேராகத் திறக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஃபாக்ஸ்புரோவில் ஒரு பதிவை அழித்தால் அது உண்மையில் அழிவதில்லை. பதிவின் முதல் பைட்டில் ஒரு உடுக்குறி (*) விழும், அவ்வளவுதான். பேக் கட்டளை கொடுத்த பிறகே அது கோப்பிலிருந்து போகும். அந்தக் குறியைக் கண்டுகொள்ளாத கருவியால் தரவை எடுத்தால், பத்து ஆண்டுகளுக்கு முன் தவறென்று அழித்த மூட்டைக் கணக்கெல்லாம் உயிர்பெற்று வந்துவிடும். அதனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அச்சிட்டு வைத்த இறுதி அறிக்கையின் கூட்டுத்தொகையோடு புதிய தாளின் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். டர்போ பாஸ்கல் 7 என்னும் பழைய நிரல் எழுதும் மென்பொருளில் நானே எழுதிய மதிப்பெண் பட்டியல் புரோகிராம் ஒன்றை டாஸ்பாக்ஸில், வேகத்தை உச்சத்தில் வைத்து இயக்கினேன். தொடங்கியவுடனே, பிழை எண் 200, பூச்சியத்தால் வகுத்தல் என்று சொல்லி நின்றுவிடுகிறது. என் புரோகிராமில் வகுத்தல் நடப்பது கடைசியில், சராசரி காணும்போது மட்டுமே.
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை, ஐயா. திரையைக் கையாள நீங்கள் சேர்த்திருக்கும் சிஆர்டி என்னும் நூலகப் பகுதியில் அந்த வகுத்தல் இருக்கிறது. காலம் தாழ்த்தும் கட்டளைக்காக, புரோகிராம் தொடங்கும்போதே அது கணினியின் வேகத்தை அளந்துகொள்கிறது. கடிகாரத்தின் ஒரு துடிப்பான ஏறத்தாழ 55 மில்லி விநாடிக்குள் ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கிறது. ஈவு 16 பிட்டுக்குள், அதாவது 65,535-க்குள் அடங்கியாக வேண்டும். 1992-இல் இருந்த கணினிகளில் அது எளிதாக அடங்கியது. சுழற்சி ஏறத்தாழ 36 இலட்சத்தைத் தாண்டினால் ஈவு அடங்காது. அடங்காத ஈவுக்கும் பூச்சியத்தால் வகுத்தலுக்கும் பிராசசர் ஒரே எச்சரிக்கையைத்தான் எழுப்பும் என்பதால் பிழையின் பெயர் உங்களைத் திசைதிருப்பிவிட்டது. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு எஃப்11-ஐ அழுத்தினால் வேகம் படிப்படியாகக் குறையும். தொடக்கத்திலேயே குறைவாக இருக்கும்படி அமைப்புக் கோப்பில் சைக்கிள்ஸ் என்னும் வரியில் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது அதைவிட நல்லது. மூல நிரல் கைவசம் இருந்தால் ஃப்ரீ பாஸ்கலில் மறுபடி தொகுத்துப் பாருங்கள். சிஆர்டி அதிலும் உண்டு, இந்தப் பிழை அதில் இல்லை.

கேள்வி: 1998-இல் வாங்கிய ஒரு கல்விக் குறுந்தகட்டின் உறையில் விண்டோஸ் 95-க்கானது, 32 பிட் என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் நிறுவும் கோப்பே திறக்கவில்லை.
(வாசகி, திருச்சி)

பதில்: அந்தக் காலத்தில் 32 பிட் புரோகிராம்களைக்கூட 16 பிட் நிறுவியோடு சேர்த்து விற்றார்கள். பரவலாக இருந்த சில நிறுவிகளை மட்டும் 64 பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள 32 பிட் நிறுவியை ஓட்டிவிடும். உங்களுடையது அந்த வகையில் சேரவில்லை போலிருக்கிறது. வைன்-விடிஎம் என்னும் இலவசக் கருவி 16 பிட் விண்டோஸ் நிறுவிகளைத் திறக்கும். நிறுவி முடித்த பிறகு உள்ளே இருக்கும் 32 பிட் புரோகிராம் பெரும்பாலும் தானாகவே ஓடும்.

கேள்வி: நாங்கள் சிறு பதிப்பகம் நடத்துகிறோம். 2001 முதல் 2009 வரை வெளியிட்ட தமிழ் நூல்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக இருக்கின்றன. மறுபதிப்புச் செய்யவும் மின்னூலாக்கவும் விரும்புகிறோம். அதே வேலைக்கான புதிய மென்பொருளான இன்டிசைன் அவற்றைத் திறக்கவில்லை.
(வாசகர், சென்னை)

பதில்: பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளைத் திறந்தன. அதற்குப் பிந்திய பதிப்புகளில் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது. உங்களிடம் உரிமம் உள்ள பேஜ்மேக்கரும் விண்டோஸ் எக்ஸ்பி தகடும் இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினி) அமைத்து, அதில் இரண்டையும் நிறுவிக்கொள்வதே எனக்குத் தெரிந்து நம்பகமான வழி. நூலை அமைத்தபோது பயன்படுத்திய அதே எழுத்துருக் கோப்புகளையும் உள்ளே நிறுவ வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு கடைகள் கொடுத்த தமிழ் எழுத்துருக்களில் எழுத்தின் அகலம் வேறுபடும். வேறு கோப்பை வைத்தால் வரி உடைந்து, பக்கம் தள்ளி, பொருளடக்கமே தவறாகிவிடும். டைப் 1 என்னும் பழைய வகை எழுத்துருக்களை வைத்திருப்பவர்கள் மேலும் ஒன்றை அறிய வேண்டும்: பேஜ்மேக்கரையும் இன்டிசைனையும் வெளியிட்ட அடோபி நிறுவனம் தன் மென்பொருள்களில் அவ்வகைக்கான ஆதரவை 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. மறுபதிப்புக்கு, எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் ஒன்றை அந்த மெய்நிகர் கணினியிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

மின்னூல் வேறு வேலை. உங்கள் கோப்புகளில் இருப்பது கணினியின் கண்ணுக்குத் தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களின் காலம் அது. அவற்றுள் ஒன்றான பாமினியில் ஆங்கில 'எம்' இருந்த இடத்தில் 'அ' இருந்தது. இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் 'கொ' என்பது ககர எழுத்து, அதன் பின் ஒகரக் குறி. பழைய எழுத்துருவில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று குறிகள். மாற்றும் கருவிகள் இந்த வரிசையைத் திருப்பி அடுக்குகின்றன, பெரும்பாலும் சரியாகவே செய்கின்றன. ஔகாரத்தில்தான் இடறுகின்றன. 'கௌரி'யில் வரும் குறியின் பின்பாதியும் 'ள' என்னும் எழுத்தும் பழைய எழுத்துருவில் ஒரே வடிவம். மாற்றிய பிரதி ஒன்றை மெய்ப்புப் பார்த்தபோது, தாளில் 'கௌரி' என்றே எனக்குத் தெரிந்தது. தேடினால் ஓரிடத்திலும் கிடைக்கவில்லை, ஏனென்றால் உள்ளே இருந்தது 'கெ', 'ள', 'ரி' என்னும் மூன்று எழுத்துகள். ஆகவே கண்ணால் மட்டும் மெய்ப்புப் பார்த்தால் போதாது. எகரக் கொம்பேறிய எழுத்தும் அதன்பின் ளகரமும் வரும் இடங்களை எல்லாம் தேடியெடுத்து, 'கெளுத்தி' போன்ற உண்மையான ளகரங்களை விட்டுவிட்டு மற்றவற்றைக் கையால் திருத்த வேண்டும். இன்னொன்று: நூலில் ஆங்கிலச் சொற்கள் வேறு எழுத்துருவில் இருந்திருக்கும். வெறும் உரையாக வெளியே எடுத்தால் எழுத்துருத் தகவல் போய்விடும், அந்தச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். எழுத்துருத் தகவலையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் என்னும் உரைக் கோப்பு வடிவில் எடுத்து, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் உள்ள வெட்டும் எந்திரத்தின் மென்பொருளுக்கு, பிரிண்டர் வாயிலில் செருகும் ஒரு பூட்டுச் சாவி உண்டு. அந்த வாயில் புதிய கணினியில் இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கினால் வேலை செய்யுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: செய்யாது; பணத்தை வீணாக்க வேண்டாம். அந்த மாற்றிகள் அச்சுக்கான தரவை மட்டுமே கடத்தும். உங்கள் மென்பொருளோ வாயிலின் மின்முனைகளை நேரடியாகத் தொட்டுச் சாவியிடம் கேள்வி கேட்கிறது. கணினிக்குள் பொருத்தும் பிசிஐ இ அட்டையில் உண்மையான வாயில் கிடைக்கும், ஆனால் அதன் முகவரி பழைய 378-ஆக இருப்பதில்லை. முகவரியை மாற்றிக்கொள்ள உங்கள் மென்பொருள் இடம் தந்தால் மட்டுமே அது உதவும். பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதையே எந்திரத்தோடு வைத்துக்கொண்டு, இணையத்திலிருந்து முழுவதும் துண்டித்துவிடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதன் ஹார்டு டிஸ்க்கின் முழு நகல் ஒன்றையும், அதே வகை மதர்போர்டு ஒன்றையும் இப்போதே தேடி வாங்கி வையுங்கள்.