பாட்டு டீச்சரும் போஸ்ட்மாஸ்டர் ஐயாவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சோழவந்தானை அடுத்து இருக்கிறது. அங்கே பிறந்து, அங்கேயே வாழ்ந்த ஒரு தம்பதியர் சென்ற ஆண்டு சில மாத இடைவெளியில் அடுத்தடுத்துக் காலமானார்கள். கணவர், ஊராருக்குப் போஸ்ட்மாஸ்டர் ஐயா, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கிளை நூலகம் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியதும், பிறகு அதன் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டியதும், கண்மாயின் வரத்துக்கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மனு மேல் மனு எழுதியதும் அவர்தாம். அவருடைய மனைவியை ஊரே பாட்டு டீச்சர் என்று அழைக்கும். தம் வீட்டுத் திண்ணையில், எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும், கட்டணம் வாங்காமல் திருப்புகழும் தேவாரமும் சொல்லிக்கொடுத்தார். நானும் அங்கே படித்தவள். மார்கழி பஜனையில் டீச்சர் பாடுவார், ஐயா மிருதங்கம் வாசிப்பார்.

இப்போது நினைவு மலர் ஒன்று தயாராகிறது. மலர் ஐயாவின் பொதுப்பணியைப் பற்றியதாக இருக்கட்டும், டீச்சர் எந்தச் சபாவிலும் வானொலியிலும் பாடியவரல்லர் என்பதால் அவருக்கு ஒரு பக்கம் போதும் என்று குழுவில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. எப்படி எடுத்துச் சொல்வது?

தங்கள் வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மனம் ஒப்பாதது சரியே. டீச்சருக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கினால் அவருக்குக் குறை செய்ததாக மட்டும் முடியாது, ஐயா செய்த பணி எப்படி நடந்தது என்பதே மலரில் விடுபட்டுப்போகும். குழுவினரிடம் நீங்கள் இங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில், 1948இல், கொண்டுவந்தது நம் மாநிலம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்பட்டு, அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் சிற்றூர்களில் நூலகத்துக்கு இடமும் கட்டடமும் அமைவது பெரும்பாலும் ஊராரின் கொடையால்தான். ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர்கிற எளிய மனிதர்களை நம்பித்தான் எத்தனையோ வாசகர் வட்டங்கள் உயிரோடு இருக்கின்றன. அப்படிப்பட்ட கொடையைக் கேட்டு ஒருவர் தெருத் தெருவாகப் போகும்போது கதவு திறப்பது எதனால்? அஞ்சல் ஊழியரை ஊர் முழுவதும் அறியும் என்பது உண்மைதான். ஆயினும் தெருவுக்கு ஒரு சாதியும் சாதிக்கு ஒரு கோயிலுமாகப் பிரிந்து கிடக்கும் நம் ஊர்களில், எல்லாத் தெருக்காரரையும் ஒரே மனுவில் கையெழுத்திட வைப்பதற்குக் கடிதம் கொடுத்த பழக்கம் மட்டும் போதாது. வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிறவரின் மகளும் கடை வைத்திருப்பவரின் மகளும் ஒரே திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி விட்ட அடியை மற்றவள் எடுத்துப் பாடிக்கொண்டிருந்த வீடு அது. அந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதால்தான் அவருக்கு அத்தனை கையெழுத்துகளும் கிடைத்தன என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம். மனுக்களின் படிகள் யாரிடமேனும் இருந்தால் அவற்றில் உள்ள பெயர்களையும் டீச்சரிடம் படித்தவர்களின் பெற்றோர் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகுமானால் குழுவினருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது சபாவில் பாடவில்லை என்ற வாதம். மதுரையின் இசை வரலாற்றைச் சபா மேடைகளை மட்டும் வைத்து எழுதவே முடியாது. 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இசை முதலில் வாய்த்தது, வீணைக் கலைஞரான தாயார் சண்முகவடிவின் மதுரை வீட்டில்தான். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் சீடரான இராமநாதபுரம் சி.எஸ். சங்கரசிவம் தம் ஆற்றலின் பெரும்பகுதியைக் கற்பிப்பதற்கே கொடுத்தவர், டி.என். சேஷகோபாலன் அவரிடம் பயின்றவர். கற்றுக்கொடுப்பவர் இல்லாமல் மேடை ஏது?

இந்தப் பெயர்களைச் சொன்னதும், டீச்சரிடம் படித்தவர்களில் அப்படிப் புகழ்பெற்றவர் எவரும் இல்லையே என்று குழுவில் ஒருவர் கேட்கக்கூடும். அதற்கும் தயங்க வேண்டியதில்லை. ஊரைவிட்டுப் போய்ப் புகழ்பெற்ற இசைக்கு ஓர் அளவுகோல் உண்டென்றால், ஊரிலேயே தங்கிவிட்ட இசைக்கு வேறோர் அளவுகோல் உண்டு. உங்கள் ஊரில் ஒரு கும்பாபிஷேகம் என்றால் பதிகம் பாட வெளியூரிலிருந்து ஆள் அழைக்கிறார்களா, ஊர்ப் பெண்களே பாடுகிறார்களா? வளைகாப்பு வீட்டில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் சும்மா இருக்கிறார்களா, நான்கு பேர் வாய்திறந்து பாடுகிறார்களா? டீச்சரின் உழைப்பு என்னவாயிற்று என்பதற்கான விடை இந்த இடங்களில் இருக்கிறது.

அவர் திருப்புகழைத் தேர்ந்துகொண்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எளிதான தேர்வன்று. அருணகிரிநாதரின் பாடல்கள் சந்தத்தில் நிற்பவை. ஓரெழுத்தைக் குறிலாக்கினாலும் நெடிலாக்கினாலும், வல்லொற்றை அழுத்தாமல் விட்டாலும் தாளம் தட்டிப்போகும். தாளக் கணக்குகளோ தேர்ந்த வித்வான்களையே நின்று யோசிக்க வைப்பவை. அப்படிப்பட்ட பாடல்களைப் பள்ளிவிட்டு வந்த, பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வோர் அடியாகச் சொல்லி, கையில் தாளம் போடவைத்து, லகர ளகர ழகரங்களை நாவில் பிரித்து நிறுத்தி, பிழையில்லாமல் பாடவைப்பது எத்தகைய வேலை என்பது ஒரு நாளாவது அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். திருப்பரங்குன்றத்தையும் பழமுதிர்சோலையையும் பாடிய அந்தப் பாடல்கள் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளின் வாயில் இன்னும் நிற்கின்றன என்றால், புத்தகம் அச்சில் கிடைப்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

கணவனும் மனைவியுமாகச் செய்த பணியில் இருவரையும் முழு ஆட்களாக நினைவில் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதும் அன்று. திண்டுக்கல் போகும் வழியில் உள்ள காந்திகிராமம் என்ற கிராமப்பணி நிறுவனத்தை 1947இல் தொடங்கியவர்கள் தம்பதியரான டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும், அவரை இவருக்குத் துணையென்றோ இவரை அவருக்குத் துணையென்றோ யாரும் எழுதுவதில்லை. மதுரையில் விஜயலட்சுமியும் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி, இருவருமே ஆராய்ந்து, இருவருமே மேடையில் நின்று பாடினார்கள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது நம் பக்கத்து மக்கள் அதைத் தம்பதியர் இருவரின் உழைப்புக்கும் கிடைத்ததாகவே கொண்டாடினார்கள்.

எனவே “கணவரின் பொதுப்பணிக்கு உறுதுணையாக நின்றவர்” என்ற வாக்கியம் மலரில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நினைவு மலர்களில் பெண்களைப் பற்றிப் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது, அதைப் படித்து அந்தப் பெண்ணைப் பற்றி எவரும் எதையும் தெரிந்துகொண்டதில்லை. உங்கள் கடிதத்தில் நீங்களே ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: மார்கழியில் டீச்சர் பாடினார், ஐயா பக்கவாத்தியம் வாசித்தார். பாடுகிறவரின் போக்கை அறிந்து, அவருக்கு இடம் விட்டு வாசிப்பது மிருதங்கக்காரரின் முதல் இலக்கணம். மனு எழுதுவதில் அவர் முன்னே நின்றார், பஜனையில் டீச்சர் முன்னே நின்றார். அலுவலகம் அலுவலகமாக நடந்த மனிதர், அந்தக் குளிரில் மனைவியின் பாட்டுக்கு வாசித்தார் என்பதும் மலரில் ஒரு நல்ல கட்டுரைக்கு உரியதாகும்.

டீச்சரைப் பற்றிய பகுதியை நீங்களே எழுதுங்கள். புகழ்மொழிகளைக் குறைத்து விவரங்களை நிறையத் தாருங்கள். அவர் யாரிடம் கற்றார், எந்தப் பாடலை எந்த மெட்டில் சொல்லிக்கொடுத்தார், சுருதிப்பெட்டி எங்கிருந்து வந்தது, பாட்டு நோட்டுகளுக்கு யார் பணம் போட்டார்கள், பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் வகுப்புக்கு அனுப்ப மறுத்த வீடுகளில் அவர் என்ன பேசினார் என்பவற்றையெல்லாம் உங்களோடு படித்தவர்களிடம் கேட்டு எழுதினால், ஒரு பக்கத்தில் அடங்காது என்பதைக் குழுவினரே ஒப்புக்கொள்வார்கள். முளைப்பாரிப் பாடல்களைப் பெரியவர்களிடம் கேட்டு அவர் எழுதிவைத்திருந்தாரா என்றும் விசாரியுங்கள். இருந்தால் மலரில் அவற்றை அப்படியே அச்சிடலாம், திருத்த வேண்டாம்.

ஒரு காரியத்தை மட்டும் மலருக்காகக் காத்திராமல் இப்போதே செய்யுங்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் பாட்டு நோட்டுகளையும் மனுக்களின் படிகளையும் பஜனை நோட்டீசுகளையும் தம்பதியரின் பிள்ளைகளுடைய அனுமதியோடு வாங்கி, பக்கம் விடாமல் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு சேர்த்து நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட எறியாமல் சேர்த்துவைத்ததனால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வீட்டை விற்கவோ இடிக்கவோ முடிவாகும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது இந்தக் காகிதங்கள்தாம். ஸ்கேன் செய்த கோப்புகளின் ஒரு படியை உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் கொடுத்துவையுங்கள். நோட்டுகளில் உள்ள சந்தக் குறிப்புகளைப் படிப்பதில் ஐயம் வந்தால் எனக்கு அனுப்புங்கள், தெரிந்தவர்களிடம் காட்டி எழுதுகிறேன்.

அன்புடன்.