மழைக் கணக்கு, மடை, பராமரிப்பு: ஊர்த் திட்டம் எழுதுவோருக்குக் கேள்வி பதில்

ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுத இறங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. தமிழ்நாட்டின் ஏரிப் பாசன, மானாவாரி ஊர்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஐந்து வருஷத் திட்டம் ஒன்று எழுத நினைக்கிறோம். முதலில் எதை எடுப்பது?

தண்ணீர்க் கணக்கை எடுங்கள் தம்பி. ஊரில் எத்தனை பேர் தங்கிப் பிழைக்க முடியும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், சர்வே எண் வாரியாக நிலப் பரப்பு எழுதியிருக்கும் அ-பதிவேடும் பாருங்கள். ஊரின் மொத்தப் பரப்பு கிடைத்துவிடும். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கன மீட்டர் தண்ணீர். 600 ஹெக்டேர் ஊரில் வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் பெய்தால் 51 லட்சம் கன மீட்டர். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் பெரும்பகுதி ஆவியாகும், செடி குடிக்கும், ஓடையில் ஓடிவிடும். பாறைப் பாங்கான பூமியில் நிலத்தடிக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும் என்று எழுதாதீர்கள். ஆக 5.1 லட்சம்.

2,000 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 40,150 கன மீட்டர். 500 மாடுகளுக்கு 50 லிட்டர் வீதம் 9,125. மீதி ஏறக்குறைய 4.6 லட்சம். கிணற்றுத் தண்ணீரிலேயே நெல் நட்டால் ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர் கேட்கும், 38 ஹெக்டேரோடு கணக்கு முடிந்தது. நிலக்கடலைக்கு 5,000 போதும் என்று வைத்தால் 92 ஹெக்டேர். இந்த இரண்டு எண்களையும் ஊர்ப் பொதுச் சுவரில் எழுதுங்கள். பிறகு நடக்கும் பேச்சே வேறாக இருக்கும்.

கேள்வி: கணக்குப் போட்டாலும் பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடி போர் போடுவதை யார் தடுப்பது?

தனியாளாகத் தடுக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டாம், கரும்பு வேண்டாம் என்று கிராம சபையே முடிவெடுத்தது. மழைக்காலம் முடிந்ததும் இருக்கிற தண்ணீரை அளந்து, எந்தப் பயிர் எவ்வளவு என்று பேசுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு நின்றதற்குக் காரணம், அளவு எல்லோர் கண்முன்னும் இருந்தது. நீங்கள் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை எழுதுங்கள். காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் எண் பொய் சொல்லும்.

கேள்வி: போன வருஷம் பொக்லைன் விட்டு ஏரியைத் தூர் வாரினார்கள். மழை பெய்தும் ஏரி நிறையவில்லை. நின்ற தண்ணீரும் மடை ஏறவில்லை. எங்கே தப்பு நடந்தது?

இரண்டு தப்புகள். வரத்துக் கால்வாயைத் தொடாமல் ஏரியைத் தோண்டியிருக்கிறார்கள். தோண்டியதும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே. அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறு ஊறும். ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசன நிலத்துக்கு, பாயாது.

வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் வரத்துக் கால்வாய்: புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையிலிருந்து ஏரி வரை நடந்து, எங்கே வரப்பு நகர்ந்திருக்கிறது, எந்தப் பாதைக்கடியில் குழாய் சிறுத்திருக்கிறது என்று குறியுங்கள். அடுத்து, ஏரி நிறைந்தால் மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு. மேலே நிலம் உள்ளவர்கள் கல்லைப் பெயர்ப்பார்கள், கீழே உள்ளவர்கள் மணல் மூட்டை அடுக்குவார்கள். பெயர்த்தால் ஏரி நிறையாது, அடுக்கினால் கரை உடையும். முழு நீர்மட்டத்தை ஒரு கல்லில் பெயின்ட்டால் கோடிட்டு எல்லோருக்கும் தெரிய வையுங்கள். மூன்றாவது மடை, அதன் திருகுக் கம்பி, அடைப்புப் பலகை. நான்காவது கரை: பெருச்சாளி வளைகளைத் தோண்டித் திறந்து, களிமண்ணை ஈரத்தோடு திணித்து இடிக்க வேண்டும். வாரிய வண்டலை அப்படியே கரைமேல் கொட்டிவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. முதல் மழையில் அது கரைந்து மடை வாயிலேயே வந்து படியும். கரைக்கு மண் போட்டால் ஒரு சாண் கனத்துக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அழுத்திய பிறகே அடுத்த அடுக்கு.

தூர் கடைசி. கரையின் அடியிலிருந்து 10 மீட்டராவது விட்டுத் தோண்டுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி எடுத்தால் 1,233 கன மீட்டர். 10 ஏக்கர் எடுத்தால் 12,330. வண்டல் எடுக்க நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60 என்று அனுமதி அளவு உண்டு. 75 கன மீட்டர் என்பது சுமார் 26 டிராக்டர் லோடு. அதாவது அந்த 10 ஏக்கர் வண்டல் 164 ஏக்கர் நன்செய்க்குப் போதும். எந்த விவசாயிக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டுவிட்டுத் தோண்டினால், மண் செங்கல் சூளைக்குப் போகாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடியுங்கள்.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தே ஒரு பருவம் போய்விடும். மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சிக்குக் கூலியாக ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று பேசி முடிக்காமல் மடையைச் செப்பனிடாதீர்கள். திறந்து மூட ஆளில்லாத மடை இரண்டு வருஷத்தில் பழையபடி ஆகிவிடும்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போடுகிறோம், எதுவும் நடப்பதில்லை.

தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள். "ஏரியைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் எந்தப் பொறியாளரும் அதை மதிப்பீடாக மாற்ற முடியாது. "இன்ன சர்வே எண்ணில் உள்ள வரத்துக் கால்வாய், நீளம் 1,400 மீட்டர், மூன்று இடத்தில் அடைப்பு, ஒரு சிறுபாலம் மாற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டம்: எங்கே, எவ்வளவு, எந்தப் பணத்தில், முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் எல்லாம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கட்டியவைதான்.

குறைவெண்ணையும், அதாவது சபைக்கு வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையையும் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இது குறைந்தால் தீர்மானம் செல்லாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் சபை கூடுகிறது. திட்டம் வைக்கும் சபை நாளுக்கு ஒரு மாதம் முன்பே தெருத்தெருவாகப் பேசி முடித்திருக்க வேண்டும். பதிவேட்டில் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் வேண்டாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு ஊரின் கடைசியில் இருக்கிறது. குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. திட்டத்தில் "100 விழுக்காடு இணைப்பு" என்று எழுதிவிட்டார்கள்.

இணைப்பை எண்ணினால் இப்படித்தான் வரும் அம்மா, குடத்தை எண்ண வேண்டும். தண்ணீர் விடும் நேரத்தில் 15 லிட்டர் குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று முதல் தெருவிலும் உங்கள் தெருவிலும் ஒரு வாரம் எழுதுங்கள். முதல் தெருவில் வீட்டுக்குள்ளேயே மோட்டார் வைத்து இழுக்கிறார்களா என்பது அப்போதே தெரியும். தீர்வு பெரும்பாலும் புதிய தொட்டி அல்ல. தெருவாரியாக வால்வு வைத்து, கடைசித் தெருவுக்கு முதலில் திறப்பதுதான். கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், தொட்டி ஆபரேட்டரிடம் உள்ள குளோரோஸ்கோப்பில் அதை உங்கள் தெருவிலேயே பார்க்கச் சொல்லுங்கள். திட்டக் கூட்டத்தை உங்கள் தெருவில் நடத்தச் சொல்வதும் உங்கள் உரிமை. கடைசித் தெருவில் எழுதத் தொடங்காத ஊர்த் திட்டம் அரைத் திட்டம்தான்.

கேள்வி: மகளிர் குழுவில் 12 பேர் இருக்கிறோம். ஊரில் கடலை நிறைய விளைகிறது. செக்கு போடலாமா அண்ணா?

போடலாம், கணக்கு சரியாக இருந்தால். 100 கிலோ காய் உடைத்தால் பருப்பு 70 கிலோ அளவுக்கு வரும். 100 கிலோ பருப்புக்கு மரச்செக்கில் எண்ணெய் 40 கிலோ சுற்றி, மீதி பிண்ணாக்கு. பிண்ணாக்கை ஊர் மாட்டுக்காரர்களே வாங்கினால்தான் தொழில் நிற்கும், ஆகவே முதலில் மாடுகளை எண்ணுங்கள்.

கெடுவது ஈரத்தில். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் காய வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அந்த நஞ்சு பிண்ணாக்கோடு மாட்டுக்கும் போகும். சுருங்கிய, கறுத்த பருப்பைக் கையால் பொறுக்கி எடுக்கும் கூலியை விலையில் சேருங்கள். அதை விட்டுவிட்டுத்தான் பல குழுக்கள் நஷ்டப்படுகின்றன.

கேள்வி: அரசு நிதியை விட்டால் ஊராட்சிக்கு வழி?

15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்ததில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. மீதியைத்தான் ஊர் தன் தேவைக்குச் செலவிட முடிந்தது, அதிலும் சம்பளம் கொடுக்க அனுமதி இல்லை. ஆகவே வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் மூன்றையும் ஒழுங்காக வசூலியுங்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி வங்கிக் கடனில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கி மின்சாரம் விற்றது. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் அங்கே மின்கட்டணச் செலவைக் குறைக்கும் வேலை நடந்தது. நீங்களும் போன 12 மாத மின்கட்டண ரசீதுகளை வரிசையாக வைத்து, எந்த மோட்டார் அதிகம் தின்கிறது என்று பாருங்கள். உள்ளே கம்பிச் சுருள் எரிந்து பலமுறை மாற்றிக் கட்டிய பழைய மோட்டாராக இருக்கும்.

கேள்வி: சீமைக் கருவேலத்தை வெட்டினால் மறுபடி முளைக்கிறது.

வேரோடு எடுக்க வேண்டும், அடிக்கட்டை நின்றால் தழையும். ஏரி உள்வாயில் மழைக்கு முன் பிடுங்கி, அடுத்த இரண்டு வருஷம் கன்றுகளைக் கையால் பறியுங்கள். கரையில் உள்ள மரத்தின் வேரைத் தோண்டினால் குழியை அன்றே களிமண்ணால் இடித்து மூடுங்கள்.