கைடு ஒருவர் போதுமா?

வணக்கம் சார்,

நான் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். உயிரியல் துறை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களின் மேம்பாட்டுக்கென்று தனி மையம் இருக்கிறது. வாரம் தவறாமல் மின்னஞ்சல் வருகிறது. கட்டுரை எழுதும் பயிற்சி, மேடைப் பேச்சு, கற்பித்தல் சான்றிதழ், நேர மேலாண்மை, ரெஸ்யூமே தயாரிப்பு, மன அழுத்தத்தைக் கையாளுதல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. என் கைடிடம், அதாவது ஆய்வு நெறியாளரிடம், ஒரு பயிற்சிக்குப் போக அனுமதி கேட்டேன். "அதெல்லாம் வேலை இல்லாதவர்களுக்கு. நீ முதலில் டேட்டாவைக் கொண்டு வா" என்றார்.

என் தோழி ஒருத்தி எல்லாப் பயிற்சிக்கும் போகிறாள். கோப்பு நிறையச் சான்றிதழ், ஆனால் தீசிஸ் ஓர் அத்தியாயம்கூட நகரவில்லை. இன்னொரு நண்பர் எதற்கும் போனதில்லை. பட்டம் வாங்கிவிட்டார். இப்போது தனக்கு என்ன வேலை தெரியும் என்று பிறரிடம் சொல்லத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டில் எது சரி? உண்மையில் பல்கலைக்கழகங்கள் இதையெல்லாம் எங்களுக்காகச் செய்கின்றனவா, அறிக்கையில் காட்டிக்கொள்ளவா?

இன்னொன்று. எனக்குப் பேராசிரியர் ஆகும் விருப்பம் இல்லை. இதைக் கைடிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கைடு சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. எழுத வேண்டிய அத்தியாயத்தைத் தள்ளிப்போடுவதற்கு எழுத்துப் பயிற்சி வகுப்பில் போய் உட்காருவதைவிட கௌரவமான வழி வேறில்லை. வேலை செய்த திருப்தி கிடைக்கும், யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் தோழியின் கோப்பில் இருக்கும் சான்றிதழ்களை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கப் போவதில்லை. வேலைக்கு எடுப்பவர்களும் அவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை.

மீதிப் பாதியில்தான் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. முனைவர் பட்டம் என்ற ஏற்பாடே ஒரு குரு, ஒரு சீடர் என்ற கணக்கில் அமைந்தது. அமெரிக்காவில் முதன்முதலாக யேல் பல்கலைக்கழகம் 1861-ல் இந்தப் பட்டத்தை மூன்று பேருக்குக் கொடுத்தது. அந்த அளவில் குருவே எல்லாமுமாக இருக்க முடிந்தது. இன்று ஆய்வை முடிப்பவர்களில் கணிசமானவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் வேலைக்குப் போகிறார்கள். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஆனால் கைடுக்குத் தெரிந்தது அவர் வந்த வழி. அதில் தேறி வந்தவர் என்பதால்தான் அவர் அந்த நாற்காலியில் இருக்கிறார். மருந்து நிறுவனத்திலோ காப்புரிமை அலுவலகத்திலோ அறிவியல் இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவிலோ என்ன வேலை நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமலிருப்பது அவருடைய குற்றமல்ல. அவரை மட்டும் நம்பி உங்களை விட்டுவிடுவது பல்கலைக்கழகத்தின் குற்றம்.

இதைப் பல்கலைக்கழகங்கள் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டன. பிரிட்டனில் சர் கேரத் ராபர்ட்ஸ் 2002-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை ஒரு திருப்பம். ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது, ஆய்வுக்கு வெளியிலும் பயன்படும் திறன்களில் பயிற்சி தர வேண்டும் என்றது அது. அரசும் தனி நிதி ஒதுக்கியது. பல்கலைக்கழகங்கள் அதற்கென்று பயிற்சியாளர்களை நியமித்தன, அலுவலகங்கள் திறந்தன. 2011-ல் அந்தத் தனி நிதி நின்றது. பழக்கம் நிலைத்துவிட்டது. மற்ற நாடுகளும் ஆளுக்கொரு விதமாக அதே பாதையில் வந்தன.

அறிக்கைக்காகவா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு ஆமாம். எத்தனை பயிற்சி நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது சுலபம். யாருடைய இரண்டாம் அத்தியாயம் தேறியது என்று எண்ண முடியாது. எண்ண முடிந்தது அறிக்கைக்குப் போகிறது, அறிக்கைக்குப் போவது அடுத்த ஆண்டும் நடக்கிறது. மையத்தில் வேலை செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் இந்தக் கணக்கெழுதும் வேலைக்கு நடுவேதான் உருப்படியாக எதையாவது செய்கிறார்கள்.

ஒரு பல்கலைக்கழகம் ஆய்வு மாணவர்களை உண்மையிலேயே தாங்குகிறதா என்று பார்க்க நான் சுவரொட்டியைப் பார்க்க மாட்டேன், விதிப்புத்தகத்தைத்தான் கேட்பேன். கைடு கைவிட்டால் மாணவர் யாரிடம் போகலாம்? கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளுக்குள் திருத்தித் தர வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? மாணவரின் ஆய்வைக் கவனிக்கும் ஆலோசனைக் குழு என்று தாளில் இருப்பது உண்மையில் கூடுகிறதா, கையெழுத்து மட்டும் சுற்றி வருகிறதா? சில துறைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குழு கூடும்போது கடைசிப் பத்து நிமிடம் கைடு வெளியே போய்விடுவார், மாணவர் மற்றவர்களோடு தனியாகப் பேசலாம். செலவே இல்லாத ஏற்பாடு. பத்து ஒர்க்‌ஷாப்பைவிட இது பெரிது என்பேன்.

கைடை மாற்றிக்கொள்ளும் உரிமை பல இடங்களில் தாளில் இருக்கிறது. ஆனால் உதவித்தொகை அந்தக் கைடின் திட்ட நிதியிலிருந்து வருகிறது என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எம்ஐடி 2021-ல் இதற்கு நேரடியாக ஒரு வழி செய்தது. ஒத்துவராத கைடிடமிருந்து விலகி வேறொருவரைத் தேடும் மாணவருக்கு ஒரு பருவத்துக்கான நிதியை நிறுவனமே தரும். மாணவர் மேம்பாடு என்ற தலைப்பில் நான் படித்தவற்றில் மிகவும் மதிக்கும் விஷயம் இதுதான். பயிற்சி வகுப்பு எதுவும் இதற்கு ஈடாகாது.

பயணப் பணமும் அப்படித்தான். கான்ஃபரன்ஸ் போக நிதியுதவி உண்டு என்று எல்லா மையங்களும் சொல்கின்றன. முன்பணமாகத் தருகிறார்களா, போய்வந்த பிறகு தருகிறார்களா என்று பாருங்கள். போய்வந்த பிறகுதான் என்றால், பதிவுக் கட்டணம், விமான டிக்கெட், அறை வாடகை எல்லாவற்றையும் மாணவர் தன் உதவித்தொகையிலிருந்து கட்ட வேண்டும். திரும்பி வந்து பில், போர்டிங் பாஸ், பங்கேற்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இணைத்து, துறைத்தலைவர் கையெழுத்து வாங்கி, கணக்குப் பிரிவில் கொடுத்து, அங்கே ஏதாவது ஒரு ரசீதில் பெயரின் முன்னெழுத்து மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பி... பணம் கைக்கு வரும்போது அடுத்த கான்ஃபரன்ஸுக்கான அழைப்பு வந்திருக்கும். வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டும் போய் வருவார்கள். 'கருத்தரங்கில் தொடர்புகளை வளர்ப்பது எப்படி' என்று அதே பல்கலைக்கழகம் பயிற்சியும் நடத்தும்.

மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் பதிலளித்திருந்தார்கள், பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களில் 39 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பொது மக்களிடம் இது 6 சதவீதம் என்று ஒப்பிட்டிருந்தார்கள். விரும்பிப் பதிலளித்தவர்களின் கணக்கு என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கைடோடு உறவு சரியாக இல்லாதவர்களிடம் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது என்ற பகுதியை ஒதுக்கிவிட முடியாது. மனநல ஆலோசகர் எல்லா வளாகத்திலும் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கொடுத்த அத்தியாயம் கைடின் மேசையில் மாதக்கணக்கில் கிடக்கும்போது மாணவரைக் கூப்பிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில் ஏதோ அபத்தம் இருக்கிறது.

சரி, உங்கள் மையத்தில் எதற்குத்தான் போகலாம்?

எழுத்து ஆலோசகர் என்று ஒருவர் இருந்தால், கூட்டமாக நடக்கும் வகுப்பை விட்டுவிட்டு அவரிடம் தனியாக நேரம் கேளுங்கள். எழுதி வைத்திருக்கும் இரண்டு பக்கத்தோடு போங்கள். இந்த வேலை நடப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மாணவர் முன்னாய்வுகள் பற்றிய பத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட எல்லா வாக்கியமும் ஓர் ஆய்வாளரின் பெயரிலும் ஆண்டிலும் தொடங்கின. அவர் இதைக் கண்டார், இவர் அதைக் கண்டார். ஆலோசகருக்கு அந்தத் துறையில் ஒன்றும் தெரியாது. இரண்டு ஹைலைட்டர் பேனாவைக் கொடுத்து, "மற்றவர்கள் சொன்னதை மஞ்சளிலும் நீங்கள் சொல்வதைப் பச்சையிலும் குறியுங்கள்" என்றார். பத்தி முழுக்க மஞ்சள். கடைசி வரி மட்டும், 'எனினும்' என்று தொடங்கிய ஒரே வரி, பச்சை. "இதைத்தான் சொல்ல வந்தீர்களா? அப்படியானால் இது ஏன் கடைசியில் இருக்கிறது?" அவ்வளவுதான் பேச்சு. அந்த வரியை மேலே கொண்டுபோனதும் கீழே இருந்த பெயர்களில் பாதி தேவையில்லை என்று மாணவரே அடித்தார். இதே பத்திக்குக் கைடு ஓரத்தில் 'செம்மைப்படுத்தவும்' என்று எழுதியிருந்தார். அவருக்கு விஷயம் முழுக்கத் தெரியும் என்பதால் பத்தியில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுகிறார். தெரியாதவரின் கண் இந்த இடத்தில் உதவுகிறது.

கூடி உட்கார்ந்து எழுதும் குழுக்கள் இருந்தால் சேருங்கள். போனை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பேசாமல் எழுதுவது, வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

டேட்டா கொஞ்சம் சேர்ந்த பிறகு, மூன்று நிமிடத்தில் ஆய்வைச் சொல்லும் போட்டியில் கலந்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கி வைத்தது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, வேறு எந்தப் பொருளும் கூடாது. 80,000 சொல் கொண்ட ஆய்வேட்டை மேடையில் சொல்லி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும், உங்களுக்கு மூன்று நிமிடம் என்பதுதான் அவர்கள் விளம்பரம். பரிசைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பருக்கு இல்லாமல் போன பயிற்சி இதுதான்: துறைக்கு வெளியே இருப்பவரிடம் 'நான் செய்தது இது, அதனால் எனக்கு இது தெரியும்' என்று சொல்வது.

கற்பித்தல் சான்றிதழ், ஆசிரியர் ஆக விரும்பாத உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆய்வு நெறிமுறை வகுப்பு பெரும்பாலும் கட்டாயமாகவே இருக்கும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் கட்டுரையாசிரியர் வரிசை பற்றிய பகுதியில் மட்டும் தூங்கிவிடாதீர்கள். யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல கிரெடிட் (CRediT) என்ற வகைப்பாடு இருக்கிறது, 14 வகைப் பங்களிப்புகள். பேப்பர் எழுதத் தொடங்கும் முன்பே அதை வைத்துக்கொண்டு பேசிவிட்டால், பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி வராது.

இப்போது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியதற்கு வருகிறேன். உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

தனிநபர் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒரு படிவம் இருக்கிறது, ஐடிபி என்பார்கள். இதற்காக சயன்ஸ் இதழின் வேலைவாய்ப்புப் பிரிவு 2012-ல் மைஐடிபி என்ற இலவசத் தளத்தைத் தொடங்கியது. உங்கள் திறன்கள், விருப்பங்கள், எதை முக்கியமாகக் கருதுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டு, எந்தெந்த வேலைகள் பொருந்தும் என்று வரிசைப்படுத்திக் காட்டும். அந்த வரிசையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தன்னிடமிருந்து கணிசமான நிதியுதவி பெறும் ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஐடிபி இருக்க வேண்டும் என்று 2024 மே மாதம் விதி கொண்டுவந்தது.

உங்களுக்கு அதனால் கிடைக்கும் நன்மை வேறு. 'எனக்குப் பேராசிரியர் ஆக விருப்பமில்லை' என்று கைடு முன்னால் நின்று அறிவிக்க வேண்டியதில்லை. "சார், மையத்தில் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள், அரை மணி நேரம் உங்களோடு பேச வேண்டும்" என்றால் போதும். வெற்றுத் தாளை நீட்டாதீர்கள். முதல் பக்கத்தில் எந்தப் பரிசோதனை எந்த மாதம் முடியும், எந்த அத்தியாயம் எப்போது அவர் கைக்கு வரும் என்று எழுதுங்கள். அவர் பயப்படுவது உங்கள் எதிர்காலத்தைப் பார்த்து அல்ல, டேட்டா வராமல் போய்விடுமோ என்றுதான். அந்தப் பயம் அடங்கிய பிறகு இரண்டாம் பக்கம்: இந்தப் பருவத்தில் கற்றுக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு விஷயம். புள்ளியியல் மென்பொருளாக இருக்கலாம், காப்புரிமை பற்றிய அறிமுகமாக இருக்கலாம். அதில் உங்கள் ஆய்வுக்கும் உதவுவதை முதலில் எடுங்கள். வேறு வழிகளையும் யோசிக்கிறீர்கள் என்பது அவருக்கு அதிலேயே புரியும். முகம் சுளித்தால், அடுத்த உரையாடலை ஆலோசனைக் குழுவில் இருக்கும் இன்னொருவரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மையத்திடம் இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் துறையில் பட்டம் பெற்றவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல். அது இல்லாமல் அவர்கள் தரும் வேலைவாய்ப்பு ஆலோசனை வெறும் ஊகம்தான். பட்டியல் கிடைத்தால் இரண்டு பேருக்கு எழுதுங்கள். வேலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பதிலே வராது. திங்கட்கிழமை காலை அலுவலகம் போனதும் முதலில் என்ன செய்கிறார்கள், ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எதைக் கற்றிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறார்கள், இந்த இரண்டு கேள்வி போதும்.

மற்ற மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துவிடலாம். அப்புறம், அந்த நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். பட்டம் வாங்கிப் போனவர்களுக்கும் சில காலம் உதவும் மையங்கள் பல இருக்கின்றன, அதை யாரும் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை. அவருடைய பழைய அடையாள எண்ணோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுப் பார்க்கட்டும்.