அந்த உறையில் அவன் பெயரை எழுதலாமா?

அன்புள்ள அக்கா,

என் தம்பி தன் உயிரை மாய்த்துக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்து வந்ததும் உறவுக்காரர் ஒருவர் அம்மாவிடம், "அவனுக்கு மோட்சம் இல்லை, பூசை வைத்தும் பயனில்லை" என்றார். அன்றிலிருந்து அம்மா கோயிலுக்கு வருவதில்லை. நான் போகிறேன், ஆனால் செபம் வரவில்லை. அன்று மாலை அவன் இரண்டு முறை போன் செய்தான். கடையில் கூட்டம், நான் எடுக்கவில்லை. நவம்பரில் இறந்தவர்கள் பெயர் எழுதிக் கொடுக்கும் உறையில் அவன் பெயரை எழுதலாமா?

தங்கை, யாங்கூன்

அன்புள்ள தங்கைக்கு,

எழுதலாம். மற்றதெல்லாம் அப்புறம்.

தங்கை என்று எழுதியதால் நீ என்றே சொல்கிறேன். உறவுக்காரர் சொன்னது திருச்சபையின் போதனை இல்லை. ஒரு காலத்தில் இப்படி இறந்தவர்களுக்குக் கோயில் அடக்கம் மறுக்கப்பட்டது உண்மைதான். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் அது இருந்தது. 1983இல் வந்த சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2283ஆம் எண்ணைப் பார். இவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழியில் கடவுள் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்பளிக்க முடியும் என்று இருக்கிறது. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் இருக்கிறது. இதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு.

அந்த இரண்டு அழைப்புகள். இதற்கு முன்னும் எத்தனையோ முறை அவன் போனை எடுக்காமல் விட்டு, கடை சாத்தியபின் கூப்பிட்டிருப்பாய். அன்றும் அப்படித்தான் விட்டாய். அவன் வேதனை அந்த மாலையில் தொடங்கியது இல்லை, தங்கை.

செபம் வராததால் விசுவாசம் போய்விட்டது என்று நினைக்காதே. பர்மிய மொழியில் பைபிளைத் தந்த ஜட்சன் பாப்டிஸ்ட்காரர், நம் சபை இல்லை. ஆனாலும் இந்த மண்ணில் துக்கப்பட்டவர். 1826இல் மனைவி ஆன் இறந்தார், அடுத்த ஆண்டு இரண்டு வயது மகளும் போனாள். காட்டுக்குள் தனியாகக் குடிசை போட்டு, தனக்கென்று ஒரு குழியும் வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று 1829இல் எழுதினார். அதே மனிதர்தான் 1834இல் முழு பைபிளையும் மொழிபெயர்த்து முடித்தார்.

என் சித்தி மகனும் இப்படித்தான் போனான். சித்தி பல வருடம் "ஒரு குடும்பக் கருத்துக்காக" என்று மட்டுமே பூசைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு நவம்பரில் என் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தா, பாட்டி பெயரெல்லாம் எழுதினார். பேனா நின்றது. பிறகு கடைசி வரியில் அவன் செல்லப்பெயரை எழுதினார். ஞானஸ்நானப் பெயர் வேண்டாமா என்று கேட்டேன். "ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். அன்று சாயங்காலம்தான் அவனைப் பற்றி முதல்முறையாகப் பேசினார். மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸில் எலுமிச்சையைப் பிழிந்து பிழிந்து யாரும் வாயில் வைக்க முடியாதபடி ஆக்கிவிடுவானாம்.

இன்னொன்று. தம்பி பின்னாலேயே போய்விடலாம் என்று உனக்கோ அம்மாவுக்கோ ஒரு நொடி தோன்றினாலும், விடியட்டும் என்று இருக்காதே. அப்போதே பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல், டாக்டரிடம் போ. இதில் வெட்கம் எதுவும் இல்லை.

உறையை வாங்கி வந்து அம்மா கையில் கொடு. அவரால் முடியாவிட்டால் நீ எழுது. தம்பியின் பெயரை எனக்கும் அனுப்பு, என் உறையில் ஒரு வரி விட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா